ஸ்கைரிம் முடித்தாயிற்று, அடுத்து எது?

கேள்வி கேட்ட தம்பி சேலத்தில் பொறியியல் படிக்கிறவர். அவர் கேட்டதன் சுருக்கம் இது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற வீடியோ கேம் வரிசையின் ஐந்தாவது பாகமான ஸ்கைரிமை இரண்டு முறை முடித்துவிட்டார். அந்த வரிசையில் ஆறாவது கேம் இப்போதைக்கு வருகிற மாதிரி தெரியவில்லை. பழையதில் எதை ஆடலாம்? மூன்றாவது பாகமான மோரோவிண்ட் மாதிரி வருமா என்று முப்பதைத் தாண்டிய எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்களே, அது நிஜமா, இல்லை "அந்தக் காலத்து மல்கோவா ருசியே வேற" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற மாதிரியா? லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மோரோவிண்ட் ஆடுங்கள் தம்பி. உங்கள் லேப்டாப் அதைத் தாங்கும். முதல் மூன்று மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒப்லிவியன். டேகர்ஃபாலை ஒரு வாரம் ருசி பார்த்தால் போதும், முடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அரீனாவைப் பற்றித் தெரிந்து வைத்துக்கொண்டால் சரி. பெரியவர்கள் சொல்வதில் பாதி நிஜம், பாதி மல்கோவா. எந்தப் பாதி எது என்று பிரித்துச் சொல்லத்தான் இனி வருகிற நீளம்.

நான் எதை வைத்து எடை போடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம், காபித் தோட்டங்களுக்கு நடுவில். நான் சின்னப் பையனாக இருந்தபோது சேலத்திலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றால் அப்பா போனில் வழி சொல்வார். "ஒண்டிக்கடையில இருந்து நாகலூர் ரோட்டப் புடிங்க. பெரிய பலா மரம் ஒண்ணு வரும், அத விட்டுடுங்க, அடுத்த பலா. அங்க மிளகுக் கொடி ஏத்துன சில்வர் ஓக் வரிசைக்கு நடுவால மண் ரோடு எறங்கும். நாய் கொலச்சா சரியான ரோடு." வருகிறவர்கள் ஒரு தடவையாவது தப்பான தோட்டத்துக்குள் போய், அங்கே யாரையாவது பார்த்து, ஒரு காபி குடித்துவிட்டுத்தான் வந்து சேருவார்கள். வந்ததும் அரை மணி நேரம் அந்தக் கதைதான் ஓடும். இப்போது எல்லோரும் போனில் மேப்பைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறங்குகிறார்கள். சௌகரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நாலு முறை வந்துபோன அத்தை மகனை, டவர் கிடைக்காத ஒரு மழை நாளில், தனியாக வரச் சொன்னால் ஒண்டிக்கடையிலேயே நின்றுவிட்டான்.

அதனால் இந்த வரிசையில் எந்த கேமை எடுத்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். வழி கேட்டால் இது என்ன சொல்கிறது? சண்டை, மந்திரம், கிராஃபிக்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

அரீனா 1994-இல் வந்தது. பெதஸ்தா நிறுவனம் முதலில் நினைத்தது வேறு. ஊர் ஊராகப் போய், அரங்கத்தில் மற்ற வீரர் கூட்டங்களோடு மோதுகிற சண்டை கேம். செய்யச் செய்ய ஊர்களுக்குள் சின்னச் சின்ன வேலைகள் சேர்ந்தன, பாதாளச் சிறைகள் சேர்ந்தன, கடைசியில் அரங்கச் சண்டையே காணாமல் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதன் தலைமை வடிவமைப்பாளர் பெயர் விஜய் லக்‌ஷ்மண். முதல் தடவை அந்தப் பெயரைப் பார்த்தபோது நம்ம பக்கத்து ஆள் போல இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம். இந்த வரிசைக் கதைகள் நடக்கிற டாம்ரியல் கண்டம் முழுவதும் அரீனாவில் உண்டு, ஆனால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு நடந்து போக முடியாது. ஊருக்கு வெளியே கணினி காட்டை முளைக்கவைத்துக்கொண்டே போகும், அடுத்த ஊர் வராது. வரைபடத்தில் பெயரைத் தொட்டால்தான் போகலாம். வழி என்ற கேள்வியே இல்லாத கேம், அதனால் எனக்கும் அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை.

டேகர்ஃபால், 1996. இதன் பரப்பளவைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு லட்சத்து அறுபதாயிரம் சதுர கிலோமீட்டர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழ்நாடே ஒரு லட்சத்து முப்பதாயிரம்தான். ஊர், பண்ணை, கோயில், பாதாளம் எல்லாம் சேர்த்து 15,000 இடங்கள். மனிதர் கையால் இத்தனையும் செய்ய முடியுமா? சூத்திரம் போட்டுக் கணினி கட்டியது. நாலு ஊர் பார்த்துவிட்டால் ஐந்தாவது ஊரில் எந்தச் சந்தில் சத்திரம் இருக்கும் என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்லலாம்.

அப்படியும் எனக்கு இதன் மேல் ஒரு பிரியம் உண்டு. வேறு எந்தப் பாகமும் இவ்வளவு துணிச்சலாக இருந்ததில்லை. பேங்கில் கடன் வாங்கலாம். கட்டாமல் ஓடினால் அந்த நாட்டில் உங்கள் பெயர் கெட்டுப்போகும். வீடு வாங்கலாம், கப்பல் வாங்கலாம். திறமைகள் மட்டும் 35. ஒத்துக்கொண்ட வேலையைக் குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் வேலை போச்சு. தெருவில் போகிறவரை நிறுத்தி வழி கேட்கலாம், வடகிழக்கே போ என்பார், பிரியமான ஆளாக இருந்தால் உங்கள் வரைபடத்திலேயே குறித்தும் கொடுப்பார், இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நம் ஊர் மாதிரியே. பாதாளங்களுக்குள் போனால்தான் கண்ணீர். மேலும் கீழும் முறுக்கிக்கொண்டு, வரைபடத்தைத் திறந்தால் இடியாப்பத்தைத் தட்டில் கவிழ்த்த மாதிரி இருக்கும். தேடுகிற பொருள் எந்த மூலையிலும் இருக்கலாம். நடுவில் தரை பிளந்து உலகத்துக்கு வெளியே விழுகிற பிழை வேறு. திரும்பி வர மந்திரம் கைவசம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். பழைய டாஸ் பதிப்பு வேண்டாம், ரசிகர்கள் யூனிட்டி எஞ்சினில் மறுபடி கட்டிய டேகர்ஃபால் யூனிட்டியைப் போடுங்கள். மூல கேம் 2009-இலேயே இலவசமாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. டேகர்ஃபாலுக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல முடிவுகள் உண்டு. ஒன்றில் இந்த ராஜா ஜெயிப்பான், இன்னொன்றில் அந்த ராணி. அடுத்த கேம் செய்யும்போது எது நடந்தது என்று முடிவு செய்தாக வேண்டுமே? காலமே உடைந்து எல்லா முடிவும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். சமாளிப்புதான், ஆனால் எவ்வளவு அழகான சமாளிப்பு! ஒரே சாமிக்கு ஊருக்கு ஒரு தலபுராணம் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் ஒன்றும் உறுத்தாது.

சரி, மோரோவிண்டுக்கு வருவோம். 2002. இந்த முறை டாட் ஹோவர்ட் தலைமையில் நேர் எதிரான முடிவு எடுத்தார்கள். கண்டம் வேண்டாம், ஒரே ஒரு தீவு. ஒவ்வொரு கல்லையும் கையால் வைப்போம். வார்டன்ஃபெல் என்ற அந்தத் தீவின் நடுவில் செந்நிற எரிமலை, சுற்றிலும் சாம்பல் காற்று. குதிரை வண்டிக்குப் பதில் பெரிய பூச்சி. அதன் ஓட்டைக் குடைந்து உள்ளே உட்கார்ந்து போவார்கள். காளான் மரங்கள். மந்திரவாதிகளின் கோபுரத்துக்குள் படிக்கட்டே கிடையாது. மேலே போக வேண்டுமென்றால் பறக்கத் தெரிய வேண்டும், தெரியாதவனோடு எங்களுக்கு என்ன பேச்சு என்கிற திமிர். டெல்வானி என்ற அந்தக் குடும்பத்தின் குணம் முழுவதும் அந்தப் படிக்கட்டு இல்லாததிலேயே தெரிந்துவிடும்.

கப்பலிலிருந்து கைதியாக இறங்குவீர்கள். சேடா நீன் என்ற சதுப்பு நில ஊர். கையில் ஒரு காகிதக் கட்டும் ஒரு ஊர்ப் பெயரும் தருவார்கள். பல்மோரா போ, சவுத் வால் என்ற கடையில் கையஸ் கொசாடெஸ் எங்கே என்று விசாரி. அவ்வளவுதான். அம்புக்குறி இல்லை, மின்னுகிற புள்ளி இல்லை. போய், விசாரித்து, அந்தக் கிழவரைப் பிடித்தால் அவர் இன்னொருவரிடம் அனுப்புவார். அவர் ஆர்க்ங்தண்ட் என்ற இடிபாட்டிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டி எடுத்து வரச் சொல்வார். வழி எப்படிச் சொல்கிறார் தெரியுமா? ஊரை விட்டு வெளியே போ, பாலம் தாண்டு, மூன்மாத் கோட்டையைத் தாண்டிப் போ, ட்வெமர் இனத்தார் கட்டிய பழைய பாலம் ஒன்று எரிமலைக் குழம்பு ஓடிய பள்ளத்தின் மேல் நிற்கும், அதைக் கடந்தால் இடிபாடு, கதவு திறக்க ஒரு குழாயில் இருக்கிற கைப்பிடியைத் திருப்பு. எங்கள் அப்பா போனில் பேசுகிற மாதிரியே இருந்தது எனக்கு.

2004 வாக்கில், சேலத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் இதை ஆடினேன். பதினேழு வயது. பள்ளி முடிந்து மலைக்குக் கடைசி பஸ் பிடிப்பதற்குள் கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்தான். முதல் நாள் கோட்டையைத் தாண்டினேன், பாலத்தைக் காணவில்லை. இரண்டாம் நாள் பாலத்தைப் பார்த்தேன், கதவு திறக்கவில்லை. கைப்பிடி என்ற வார்த்தையைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் உள்ளே போனால் பெட்டி இல்லை. அது உள்ளங்கை அளவுச் சாமான், தட்டுமுட்டுகளோடு ஒரு அலமாரித் தட்டில் கிடக்கும். நான் ராட்சசப் பெட்டகத்தைத் தேடிக்கொண்டு மூன்று முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது கிடைத்த அன்றைக்கு இருந்த சந்தோஷம் ஸ்கைரிமில் டிராகனைக் கொன்றபோதுகூட இல்லை. அடுத்த வாரம் போனால் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் அடித்து வைத்திருந்தார். சேவ் எல்லாம் போச்சு. அழுகை வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆடியபோதுதான் ஒன்று தெரிந்தது. அந்தப் பாலத்துக்கு எனக்கு வழி மனப்பாடம். இன்றைக்கும் மனப்பாடம்.

இதுதான் பெரியவர்கள் சொல்வதில் நிஜமான பாதி. இப்போது மல்கோவா பாதி.

சண்டை சுமார்தான். கத்தி கண்ணெதிரே எலியின் மேல் படும், ஆனால் படவில்லை என்று கேம் சொல்லும். உள்ளே தாயக்கட்டை உருளுகிறது. உங்கள் கத்தித் திறமையும் உடம்பில் மிச்சமிருக்கிற தெம்பும் சேர்ந்து அடி விழுமா விழாதா என்று தீர்மானிக்கும். ஸ்கைரிம் ஆடியவர்கள் ஓடிக்கொண்டேதான் இருப்பார்கள், ஓடினால் தெம்பு தீரும், தீர்ந்த பிறகு வீசினால் பத்தில் எட்டு அடி காற்றில். "இது உடைஞ்ச கேம்" என்று அன்றைக்கே மூடிவிடுவார்கள். எதிரியைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடங்கள். ஆரம்பத்தில் எந்த ஆயுதத்தை முக்கியத் திறமையாகத் தேர்ந்தெடுத்தீர்களோ அதை மட்டும் தூக்குங்கள். இந்த இரண்டைச் செய்தாலே பாதிக் கஷ்டம் குறையும். அப்புறம் கிளிஃப் ரேசர் என்று ஒரு பறக்கும் சனியன் உண்டு. அதற்கு மருந்து கிடையாது.

வழி சொல்வதிலும் தப்பு உண்டு. சில இடங்களில் கிழக்கு என்று எழுதியிருக்கும், போனால் மேற்கே இருக்கும். குறிப்பேடு முதலில் நாள்வாரியாக மட்டும் எழுதிக்கொண்டு போனது. நாற்பது பக்கம் புரட்டி எவன் என்ன சொன்னான் என்று தேட வேண்டும். ட்ரைபியூனல் என்ற கூடுதல் பாகம் வந்தபோதுதான் வேலை வாரியாகப் பிரித்தார்கள். மனிதர்கள் நின்ற இடத்திலேயே இரவும் பகலும் நிற்பார்கள், சாப்பிட மாட்டார்கள், தூங்க மாட்டார்கள். பேச்சில் பெரும்பகுதி வெறும் எழுத்து, ஒரே தலைப்பைத் தொட்டால் பத்துப் பேரும் ஒரே பத்தியை ஒப்பிப்பார்கள்.

ஆனால் கதையில் முக்கியமானவனைக்கூடக் கொல்ல விடுகிற தைரியம் இதில்தான் உண்டு. கொன்றுவிட்டால், தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்தது, பழைய சேவுக்குப் போ, இல்லை நீயே கெடுத்த உலகத்தில் இருந்து அனுபவி என்று ஒரு அறிவிப்பு வரும். ஸ்கைரிமில் அப்படிப்பட்டவன் முழங்காலில் விழுந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி எழுந்துவிடுவான்.

ஒப்லிவியன், 2006 மார்ச். இங்கேதான் எல்லாம் திரும்பியது. திசைகாட்டியில் அம்புக்குறி வந்தது. சோம்பேறிகளுக்காகக் கேமைக் கெடுத்துவிட்டார்கள் என்று பலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு காரணங்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, எல்லா வசனத்துக்கும் குரல் கொடுத்தார்கள். அரசராக பேட்ரிக் ஸ்டூவர்ட், அவருடைய மகனாக ஷான் பீன். எழுத்தில் ஆறு வரி வழி சொல்வது சுலபம், நடிகரைக் கூப்பிட்டு ஒவ்வொரு வேலைக்கும் பாலம், பள்ளம், கைப்பிடி என்று பேசவைத்துப் பதிவு செய்வது வேறு விஷயம். இரண்டு, ரேடியன்ட் ஏஐ என்ற ஏற்பாட்டால் மனிதர்கள் காலையில் எழுந்து, கடை திறந்து, மாலையில் சத்திரத்துக்குப் போய், இரவில் வீட்டுக்குப் போனார்கள். இந்த நேரத்தில் எங்கே இருப்பான் என்று எவராலும் சொல்ல முடியாத ஆளுக்கு வழி எப்படிச் சொல்வது? உலகத்துக்கு உயிர் கொடுத்ததால்தான் அம்புக்குறி தேவைப்பட்டது.

அந்த உயிர் கொஞ்சம் கோணலானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேர் தெருவில் சந்தித்தால் சேற்று நண்டைப் பற்றிச் சம்பந்தமே இல்லாமல் பேசிவிட்டுப் பிரிவார்கள். குரல் கொடுத்தவர்கள் எண்ணிக்கை குறைவு. பிச்சைக்காரி நடுங்கும் குரலில் காசு கேட்டுவிட்டு, வதந்தி கேட்டால் அடுத்த நொடி மகாராணிக் குரலில் பதில் சொல்வாள்.

ஒப்லிவியனின் பெரிய கோளாறு லெவல். நீங்கள் வளர வளர உலகமும் கூடவே வளரும். இருபதாவது லெவலில், சாலையோர வழிப்பறிக்காரன் ஒரு சொத்து மதிப்புள்ள எரிமலைக் கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு உங்களிடம் நூறு காசு கேட்பான். கழுத்தில் பத்துப் பவுன் சங்கிலியோடு வந்து பஸ்ஸுக்குச் சில்லறை கேட்கிற மாதிரி. தப்பான திறமைகளை வளர்த்துக்கொண்டால் லெவல் ஏறுவது தண்டனை ஆகிவிடும். அதனால் க்வாட்ச் ஊர் எரிகிற குவெஸ்டை, அதாவது கேம் கொடுக்கிற அந்த வேலையை, தள்ளிப் போடாமல், லெவல் குறைவாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் திடுதிப்பென்று வந்த ரீமாஸ்டரில், அதாவது புதுப்பித்த பதிப்பில், லெவல் ஏறும் முறையைச் சீராக்கியிருக்கிறார்கள், ஆனால் அது அன்ரியல் எஞ்சின் 5, உங்கள் லேப்டாப்பில் நினைத்தே பார்க்க வேண்டாம். பழைய பதிப்பு போதும்.

ஏன் ஆட வேண்டும் என்றால், தனித்தனி குவெஸ்டுகளின் கைவண்ணத்தில் இந்த வரிசையிலேயே ஒப்லிவியனுக்கு ஈடு இல்லை. ஒரு ஓவியனின் மனைவி கணவனைக் காணோம் என்பாள், போனால் அவன் தன் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருப்பான். நீங்களும் உள்ளே போனால் மரம், செடி, பூதம் எல்லாம் தூரிகைத் தீற்றல். இன்னொன்று, கொலைகாரர் கூட்டத்து வேலை. புதையல் தேடுகிற விருந்து என்று ஐந்து பேரை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஆறாவது விருந்தாளி நீங்கள். ஒவ்வொருவராக முடிக்க வேண்டும். மிச்சமிருப்பவர்கள் உங்களிடமே வந்து, யார் மேல் சந்தேகம் என்று கேட்பார்கள். நான் அந்தக் குவெஸ்டை ஒரு ராத்திரி முழுக்க இழுத்து இழுத்து ஆடினேன், முடிந்துவிடக் கூடாதே என்று.

குதிரைக்குக் கவசம் விற்ற கதை தெரிந்திருக்கும். 2006-இல் இரண்டரை டாலர். அன்றைக்கு உலகமே சிரித்தது. இன்றைக்கு எல்லா கேமிலும் அதுதான் பிழைப்பு.

ஸ்கைரிமைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும் ஒரு விஷயம். 2011 நவம்பர் 11-ஆம் தேதி வந்தது. நான் ஒரு மாதம் கழித்து வாங்கினேன். அடுத்த வருடம் முழுக்க மின்வெட்டு, சேலத்தில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் போன நாட்கள் உண்டு. யூபிஎஸ் கீச்சென்று கத்த ஆரம்பித்தால் எனக்கு இருப்பது நாலு நிமிடம். ஸ்கைரிமில் எந்தக் கதவைத் தாண்டினாலும் அதுவே சேவ் செய்துகொள்ளும் இல்லையா, அதனால் கத்தல் கேட்டதும் அருகில் எந்தக் குடிசை இருந்தாலும் ஓடிப் போய்க் கதவைத் திறப்பேன். யாருடைய வீடு என்றெல்லாம் பார்ப்பதில்லை. அப்படி ஒளிந்த வீடுகளில் இரண்டு மூன்று நல்ல கதைகள் கிடைத்தன. மோரோவிண்டில் வழி தவறிக் கிடைத்ததை ஸ்கைரிமில் மின்வாரியம் கொடுத்தது.

அதில்தான் ஸ்கைரிமின் பலமும் இருக்கிறது. முக்கியக் கதை சுமார். மந்திரக் கல்லூரியில் நாலு மந்திரம் தெரிந்தாலே தலைவர் ஆகிவிடலாம். மோரோவிண்டில் தகுந்த திறமை இல்லாமல் ஒரு படி ஏற விடமாட்டார்கள். திறமைகளும் 27-இல் இருந்து ஒப்லிவியனில் 21 ஆகி, இங்கே 18-க்கு வந்துவிட்டன. ஆனால் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடக்கும்போது வருகிற அனுபவத்தை ஸ்கைரிம் அளவுக்கு எதுவும் கொடுத்ததில்லை. ஒரு மேட்டில் நின்றால் தூரத்தில் ஒரு இடிபாடு, அதை நோக்கிப் போனால் வழியில் ஒரு குகை, குகைக்குள் ஒரு நாட்குறிப்பு. இதெல்லாம் யாரோ உட்கார்ந்து அளந்து வைத்தது. மலை உச்சி மடத்துக்கு ஏழாயிரம் படி என்பார்கள், எண்ணிப் பார்த்தவர்கள் ஆயிரம்கூடத் தேறவில்லை என்கிறார்கள். நம் ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி 20 என்றால் 20, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கும். ஆனாலும் அந்தப் படிகளில் பனி அடிக்கும்போது ஏழாயிரம் போலத்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் வருகிற மாட்டு வண்டி மாதிரியான அந்தக் கைதி வண்டிப் பயணம் ஞாபகம் இருக்கிறதா? அதைச் செய்தபோது வண்டி திடீரென்று ராக்கெட் மாதிரி வானத்தில் பறந்ததாம். காரணம் ஒரு தேனீ. தேனீயைக் கையில் பிடிக்க முடியவில்லை என்று ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறார்கள், அதனால் தேனீ மோதினால் எதையும் தள்ளுகிற, எதனாலும் தள்ளப்படாத கல்லாகிவிட்டது. அங்கே வேலை பார்த்த ஒருவரே பின்னால் சொன்ன கதை இது.

மூன்றாவது முறை ஸ்கைரிம் ஆடினால் திசைகாட்டியை அணைத்துவிட்டு ஆடலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. அணைத்தால் வழி சொல்ல ஆளே இல்லை. கொடுக்கிறவன் "போய் எடுத்து வா" என்பான், எங்கே என்று சொல்ல மாட்டான், ஏனென்றால் அம்பு சொல்லும் என்று எழுதியவருக்குத் தெரியும். வசனத்தில் வழியைச் சேர்க்கிற மோட், அதாவது ரசிகர்கள் செய்த ஒட்டுவேலை, போட்டால்தான் உண்டு. சாலைகளில் மரப் பலகைகள் இருக்கின்றன, அவை மட்டும் நல்ல வேலை.

2014-இல் வந்த ஆன்லைன் கேமை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வேறு குழு, வேறு வகை. சேர்ந்து ஆட நண்பர்கள் இருந்தால் நன்றாகப் பொழுது போகும், அவ்வளவுதான். ஆறாவது பாகத்துக்கு 2018-இல் ஒரு மலைக் காட்சியைக் காட்டியதோடு சரி.

கடைசியாக லேப்டாப். மோரோவிண்டைக் காசு கொடுத்து வாங்கி, ஓபன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினில் ஓட்டுங்கள். அஸ்தம்பட்டியில் என் சர்வீஸ் கடைக்கு வருகிற பழைய மெஷின்களில்கூடச் சிரமமில்லாமல் ஓடுகிறது. அழகு சேர்க்கும் மோட் மூட்டையை முதல் தடவையே ஏற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், யார் என்ன வழி சொன்னார் என்று எழுத.

அமைப்புகளில் பார்வைத் தூரம் என்று ஒன்று இருக்கும். அதை முழுக்கக் கூட்ட ஆசை வரும், கூட்டாதீர்கள். அன்றைய கணினிகளுக்கு அதிக தூரம் வரையத் தெம்பில்லை, அதனால் மூடுபனி போட்டு மறைத்தார்கள். அந்தத் தீவு உண்மையில் ஸ்கைரிம் மேப்பைவிடச் சின்னது. ஸ்கைரிமே சேலம் மாநகராட்சி எல்லையில் பாதி வராது. பனியை எடுத்துவிட்டால் சேடா நீன் கரையில் நின்றுகொண்டே விவெக் நகரம் பக்கத்துத் தெருவில் இருப்பது போலத் தெரிந்துவிடும். மார்கழியில் லேடீஸ் சீட்டில் போய் நின்றால் கீழே சேலம் இருக்கிறதா கடல் இருக்கிறதா என்று தெரியாதே, அந்த அளவுக்குப் பனியை விட்டு வையுங்கள். முதல் தடவை விவெக்குக்கு நடந்தே போங்கள். பூச்சி வண்டி வேண்டாம்.